கொடியில் ஒரு கறுத்த முகம்

வேலை நிமித்தமாக முதன்முறை ஜெர்மனி போனபோது இஸ்மானிங் என்ற சிற்றூரில் தங்கினேன். மியூனிக் விமான நிலையத்திலிருந்து நகருக்குப் போகும் ரயில் பாதையில் உள்ள ஊர் அது. ஊர்ச் சின்னத்தில் ஒரு கறுத்த மனிதனின் தலை! சுருக்கென்றது. நம் நிறத்தைக் கேலி செய்கிறார்களோ?

உடன் வேலை பார்த்த ஜெர்மானியரிடம் கேட்டேவிட்டேன். “அது எங்கள் பழைய ஆட்சியாளர்களின் சின்னம்” என்றார்.

1319 முதல் 1803 வரை இஸ்மானிங், ஃப்ரைசிங் ஆயர்களின் ஆட்சியில் இருந்தது. சிவப்புக் கிரீடம் சூடிய கறுத்த தலைதான் அவர்களின் அடையாளம். ஆட்சி போனது; சின்னம் ஊரோடு தங்கிவிட்டது. முன்பு மியூனிக்-ஃப்ரைசிங் பேராயராக இருந்த போப் 16ஆம் பெனடிக்ட்டின் சின்னத்திலும் அந்த முகம் உண்டு. அது யாருடைய முகம் என்பதில் மட்டும் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை.

கோபர்க் நகரின் கதை வேறு. அங்குள்ள கறுத்த தலை புனித மோரிஸுடையது. 1934இல் நாஜிகள் அதை அகற்றிவிட்டு வாளையும் ஸ்வஸ்திகாவையும் வைத்தார்கள். 1945இல் அவர்கள் வீழ்ந்ததும் பழைய முகம் திரும்பி வந்தது. ஆனால் தடித்த உதடு, காது வளையம் என்று வரைந்திருப்பது இழிவு, மாற்றுங்கள் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கோபமும் எனக்குப் புரிகிறது.

வீடு திரும்பி, இஸ்மானிங் சின்னத்தின் படத்தை மகளிடம் காட்டினேன். “யாருப்பா இந்த ராஜா?” என்றாள். எனக்கு முதலில் தெரிந்தது நிறம், அவளுக்குக் கிரீடம்.