தம்பி தங்கையோடு சென்னைக்கு



முழுப் பரீட்சை லீவு விட்டதும் பல வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "பிள்ளைங்க மெட்ராஸே பார்த்ததில்ல. நீதான் டிப்ளமோ படிக்கிறியே, கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வாப்பா." டிப்ளமோவுக்கும் சென்னைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இருக்கிறது, சொல்கிறேன்.

வீட்டில் கொடுக்கிற பணம் அளவானது. அடுத்த முறை எப்போது போவோம் என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே நம்மாட்கள் ஒரே நாளில் எட்டு இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறார்கள். மத்தியானம் மூன்று மணிக்குச் சின்னது அழ ஆரம்பிக்கும். ஒன்பதாவது படிக்கிற பெரியது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஊருக்கு வந்து "என்னடா பார்த்தே?" என்று கேட்டால் ஐஸ்கிரீம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு வட்டாரம், அதில் இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று. ஒவ்வொரு இடத்திலும் "இது எப்படி வேலை செய்யுது?" என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு விஷயம் இருக்க வேண்டும். அங்கேதான் நம்ம டிப்ளமோ வருகிறது.

எழும்பூரில் இறங்குகிறவர்களுக்குப் பக்கத்திலேயே இருப்பது அரசு அருங்காட்சியகம். 1851ல் தொடங்கியது. இந்தியாவில் கல்கத்தா மியூசியத்துக்கு அடுத்தபடியாகப் பழையது இதுதான். சின்னப் பிள்ளைகளை முதலில் திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால் நிறுத்துங்கள், வாயைத் திறந்தபடி நிற்பார்கள். பெரிய பிள்ளைகளை வெண்கலச் சிலைகள் இருக்கும் பகுதிக்குக் கூட்டிப் போங்கள். "சாமி சிலைதானே, நம்ம ஊர் கோயில்லயே இருக்கு" என்பார்கள். அப்போது நம்ம ஃபவுண்டரி ஷாப்பை எடுத்து விடுங்கள்.

நாம் பேட்டர்னை மணலில் பதித்து, அதை வெளியே எடுத்துவிட்டு, அந்தக் குழியில் உலோகத்தை ஊற்றுகிறோம். ஒரே பேட்டர்னை வைத்து எத்தனை காஸ்டிங் வேண்டுமானாலும் எடுக்கலாம். சோழர் காலத்து ஸ்தபதி அப்படிச் செய்யவில்லை. முழுச் சிலையையும் முதலில் மெழுகில் செய்தார். அதன்மேல் களிமண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடுகாட்டினார். மெழுகு உருகித் துளை வழியாக வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் போகும். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். மெழுகும் போச்சு, அச்சும் போச்சு! அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான். இதைச் சொன்ன பிறகு பாருங்கள், அதே பையன் நடராஜரின் விரல் நுனியையும் பறக்கும் சடையையும் குனிந்து குனிந்து பார்ப்பான். இவ்வளவு மெல்லிசான இடத்துக்கெல்லாம் உலோகம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டானென்றால் ரயில் சார்ஜ் அங்கேயே வசூலாகிவிட்டது.

இன்னொன்று. 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அவர் திரட்டிய பழங்காலப் பொருட்களை இந்த மியூசியம் 1904ல் வாங்கியது. மின்சார ரயிலில் பல்லாவரத்தைத் தாண்டும்போது இந்தக் கதையைச் சொல்லி வைக்கலாம். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

இரண்டாவது வட்டாரம் கோட்டூர்புரம், கிண்டி. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் என் ஓட்டு இதற்குத்தான். 1988ல் திறந்த பிர்லா கோளரங்கம் இங்கே இருக்கிறது. அரைக்கோளக் கூரைதான் திரை. லைட்டை அணைத்ததும் ஒரு ராத்திரி முழுக்க வானம் சுற்றுவதைச் சில நிமிஷத்தில் காட்டிவிடுவார்கள். தமிழிலும் காட்சி உண்டு, நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். சென்னைப் பிள்ளைகளைவிட நமக்கு இதில் லாபம் அதிகம். திரும்பி வந்து நம்ம ஊர் மொட்டை மாடியில் படுத்தால் அதே நட்சத்திரங்கள் தெரியுமே! மே மாத ராத்திரியில் வடக்குப் பக்கம் சப்தரிஷி மண்டலத்தைத் தேடச் சொல்லுங்கள்.

கோளரங்கத்துக்குப் பக்கத்திலேயே அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010ல் திறந்தது. குழந்தைகளுக்கென்றே பெரிய தனிப் பகுதி இருக்கிறது. வெயில் நேரத்தை இங்கே கழிப்பது புத்திசாலித்தனம். ஒரு சங்கதியை அண்ணன்மார்கள் யாரும் யோசிப்பதில்லை. வயசுக்கு வந்த தங்கச்சி ஊர் சுற்றும்போது தண்ணீரே குடிக்க மாட்டாள். ஏன் என்று கேட்டாலும் சொல்ல மாட்டாள். நல்ல கழிப்பறை உள்ள இடத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். அவளுக்கு அது போதும்.

அடுத்து கிண்டி சிறுவர் பூங்கா, அதையொட்டிப் பாம்புப் பண்ணை. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் காடு நகரத்துக்கு நடுவிலே கிடக்கிறது, வெளிமானும் புள்ளிமானும் அதில் மேய்கின்றன. பாம்புப் பண்ணையை 1972ல் ரோமுலஸ் விட்டேக்கர் இங்கே அமைத்தார். வயல்காட்டுப் பக்கம் வளர்கிற பிள்ளைகளுக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலையும் அடையாளம் பார்த்துக்கொள்ளட்டும். கடித்தால் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது, அசையாமல் வைத்து நேராக அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும் என்று அங்கேயே நின்று சொல்லிக்கொடுங்கள். இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இந்த வட்டாரத்தில்தான் அண்ணா பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் இருக்கின்றன. பத்தாவது படிக்கிற தம்பி கூட வந்தால் கேட்டுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். 1794ல் சர்வே பள்ளியாக ஆரம்பித்ததுதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. (டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதை நாமும் அங்கே நின்று ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்!)

பெரம்பூர் பக்கம் ஐ.சி.எஃப். நடத்தும் ரயில் மியூசியம் 2002ல் வந்தது. சின்னதுகளுக்குப் பொம்மை ரயில், பெரியவர்களுக்குப் பழைய எஞ்சின்களும் பெட்டிகளும். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இங்கே நல்ல வேலை உண்டு. 1955ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் பெயரில் 'இன்டெக்ரல்' என்று ஏன் இருக்கிறது? பழைய பெட்டிகளில் அடிச்சட்டம்தான் பாரத்தைத் தாங்கும், மேலே இருப்பது வெறும் கூடு. இதில் அடிச்சட்டம், பக்கச்சுவர், கூரை எல்லாம் ஒன்றாக வெல்டு ஆகி, முழு உடம்பும் சேர்ந்து பாரத்தைத் தாங்குகிறது. தீப்பெட்டியின் உள்தட்டைத் தனியாக முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மேல்கூட்டோடு சேர்த்து முறுக்கச் சொல்லுங்கள். எட்டு வயதுக்கும் புரியும். திங்கட்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும்.

சாயங்காலம் கடற்கரை இல்லாமல் பிள்ளைகள் விட மாட்டார்கள். கோட்டூர்புரத்திலிருந்து பறக்கும் ரயில் ஏறினால் கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கிக் கடற்கரைக்கு நடக்கலாம். ஊர் முழுவதும் மேலிருந்து தெரியும், ஜன்னல் சீட்டை அவர்களுக்கே கொடுங்கள். கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் உண்டு. ரொம்ப வருஷம் பொதுமக்களை மேலே விடாமல் இருந்து 2013ல் மறுபடி திறந்தார்கள். இதற்கும் திங்கள் விடுமுறை. சாயங்காலம் சீக்கிரமே மூடிவிடுவார்கள், முன்கூட்டிப் போங்கள்.

கடலைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மெரினாவில் குளிக்க விடாதீர்கள். ஏரி, கிணறு என்று நீந்திப் பழகிய பையன்தான் முதலில் சட்டையைக் கழற்றுவான். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். இங்கே கரையை விட்டுச் சில அடியிலேயே தரை சரிகிறது. அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும், நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும். நீச்சல் தெரிந்தவர்களையும் இந்தக் கடல் கொண்டுபோயிருக்கிறது. கால் நனைக்கட்டும், அதுவும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு.

கிளம்பும் முன் ஒவ்வொரு பிள்ளையின் பாக்கெட்டிலும் வீட்டு நம்பர் எழுதின சீட்டு ஒன்றைப் போடுங்கள். காணாமல் போன குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெரிய பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்யட்டும். ராத்திரி ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ஸ்டேஷன் வந்துவிடுங்கள். தூங்கி விழுகிற தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓட முடியாது.