சர்க்கரை வியாதியுள்ள வீட்டிற்கு இறாலும் காலிபிளவரும்

சித்தூர், திருப்பதிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிழைப்பைத் தேடிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்து குடியேறிய உங்களுக்கு ராகி சங்கடியைப் பற்றி ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பினால் கிளறி, ஈரக்கையால் உருட்டித் தட்டில் வைத்து, நடுவே குழிசெய்து சூடான குழம்பை ஊற்றுவோம். நம் பெற்றோரின் சரீரத்தை வளர்த்த ஆகாரம் அது.

அவர்கள் அதைப் புசித்துவிட்டு ஏரின் பின்னே நடந்தார்கள், கரும்பு வெட்டினார்கள், புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து வந்தார்கள். நாமோ அதே அளவு உருண்டையைப் புசித்துவிட்டுப் பேருந்தில் ஏறி, பகல் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம். 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் தேசத்தில் பத்துக் கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகக் கணக்கிட்டது. கிராமங்களைவிட நகரங்களிலேயே அது மிகுதி.

"ராகிதானே, சர்க்கரைக்கு நல்லதல்லவா?" என்று கேட்பீர்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து ஏராளம், நார்ச்சத்தும் உண்டு. ஆயினும் 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்தே. அதோடு நொய்யரிசியும் சேர்ந்து குழைந்துவிட்டால், இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்குத் தடையேது? "ராகி" என்ற பெயரை நம்பி இரண்டு உருண்டை அதிகமாக வைப்பவர்களே நம்மில் அநேகர். 100 கிராம் காலிபிளவரிலோ மாவுச்சத்து ஐந்து கிராம் அளவே. இறாலில் அது மிகச் சொற்பம், புரதமே அதிகம்.

இந்த இணைப்பு நமக்குப் புதிதாயினும், அமெரிக்காவில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அங்கே தென் கரோலினா கடற்கரையோர மக்கள், சோள நொய்யைக் கஞ்சிபோல் குழையக் காய்ச்சி, அதன்மேல் இறாலை இட்டுக் காலையில் உண்பது நெடுநாளைய வழக்கம். அந்தச் சோள நொய்க் கஞ்சிக்குக் "கிரிட்ஸ்" என்று பெயர். 1985-இல் கிரெய்க் கிளெய்போர்ன் என்பவர் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் இதைப்பற்றி எழுதியபின் பெரிய உணவகங்களிலும் இது இடம்பிடித்தது. மாவுச்சத்தைக் குறைக்க விரும்பும் அந்நாட்டார் இப்போது சோள நொய்யை நீக்கிவிட்டுக் காலிபிளவரைச் சேர்க்கிறார்கள். அவர்கள் தட்டில் விழும் இறாலும் நம் ஆந்திரக் கரையோரக் குளத்தில் வளர்ந்ததாக இருக்கக்கூடும். பல ஆண்டுகளாக அமெரிக்காவுக்கு ஏராளமாக இறால் அனுப்பிவந்த தேசம் இந்தியா, அதில் பெரும்பங்கு ஆந்திராவினுடையது. நம் சந்தைகளில் இன்று கிடைக்கும் வளர்ப்பு இறாலில் பெரும்பகுதி, 2009-இல் இங்கே அனுமதிக்கப்பட்ட வன்னாமெய் என்னும் வகை. சித்தூருக்குக் கடல் இல்லை. ஆனால் 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது, சூலூர்ப்பேட்டையும் பழவேற்காட்டு ஏரியின் வடகரையும் நெல்லூரிலிருந்து அதனுடன் சேர்ந்தன. ஆகவே திருப்பதிக்காரர் இனி இறாலை அயலூர்ச் சரக்கு என்று சொல்லமுடியாது!

இனி அடுப்படிக்கு வருவோம். நால்வருக்குத் தலையோடுள்ள இறால் ஒரு கிலோ வாங்குங்கள். சுத்தம் செய்தால் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். ஓடு பளபளப்பாகவும் தலை உறுதியாகவும் இருக்கவேண்டும். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் விட்டுவிடுங்கள். முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை நீக்கி, மஞ்சளும் உப்பும் தடவி வையுங்கள்.

கடலையெண்ணெயில் கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை வதக்கி, இரண்டு தக்காளியைக் கரையவிடுங்கள். காய்ந்த மிளகாய், தனியா, மிளகு ஆகியவற்றை வறுத்தரைத்த பொடியையும், தேங்காயுடன் ஒரு கரண்டி கசகசாவை அரைத்த விழுதையும் சேருங்கள். குழம்பு கெட்டிப்பட அரிசிமாவு தூவும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மசாலாவிலிருந்து எண்ணெய் பிரிந்தபின்பே இறாலைப் போடவேண்டும். நான்கைந்து நிமிடம் போதும். இறால் அரைவட்டமாக வளைந்து சிவந்ததும் இறக்குங்கள். முழுதும் சுருண்டுவிட்டால் ரப்பர்தான்.

காலிபிளவரில்தான் அநேகர் தவறுகிறார்கள். நானும் முதல்முறை அதைக் குக்கரில் வேகவைத்து, கஞ்சித்தண்ணீராக்கி, வீட்டாரின் முகத்தைப் பார்க்கவேண்டியதாயிற்று. ஒரு பெரிய பூவைப் பிரித்து, உப்பும் மஞ்சளும் கலந்த வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்துப் புழுக்களை நீக்குங்கள். பின்பு துணியில் பரப்பி நன்றாக உலரவிடுங்கள். இதில் அவசரம் கூடாது. உலர்ந்தபின் துருவி, அகன்ற வாணலியில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி, தண்ணீர் சேர்க்காமல், மூடாமல், எட்டுப் பத்து நிமிடம் கிளறுங்கள். ஈரம் வற்றியதும் கால் கோப்பை கெட்டித் தேங்காய்ப்பாலும் மிளகுத்தூளும் உப்பும் சேர்த்து மசித்தால், ரவைக் கஞ்சியின் பதம் வரும். சங்கடியைப்போல் உருட்டவராது. சங்கடியின் மணமும் இராது. அதைப் பொய்யாகச் சொல்லி உங்களை ஏமாற்ற மனமில்லை. ஆனால் குழியில் குழம்பை ஊற்றினபின் வாய் அவ்வளவாகக் குறைசொல்வதில்லை.

நான் இதைப் பெரிதாய் எண்ணுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஞாயிறு மதியம் எல்லாரும் இறால் குழம்பைப் புசிக்கையில், சர்க்கரை வியாதியுள்ள தகப்பனாருக்கு மட்டும் இரண்டு காய்ந்த சப்பாத்தியைத் தனியே வைக்கும் வீடுகளை அறிவேன். அவர் பேசாமல் புசித்துவிட்டு எழுந்துபோவார். பிற்பாடு யாரும் காணாதபோது சட்டியைத் திறப்பார். குழம்பு எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பிள்ளைகளுக்குச் சங்கடி, அவருக்குக் காலிபிளவர். உட்காருவது ஒரே பந்தியில்.

ஒரு எச்சரிப்பு. இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சோற்றையும் சங்கடியையும் திடீரென்று நிறுத்தினால், சர்க்கரை அளவுக்குமீறி இறங்கி வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரலாம். மருத்துவரிடம் சொல்லி, மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்டே மாற்றுங்கள். சிறுநீரகம் பழுதடைந்தவர்களும் எவ்வளவு புரதம் கூடும் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். இறால் ஒவ்வாமல் உடம்பு தடிப்பவர்களுக்கு இதே மசாலாவில் அவித்த முட்டையைப் போடலாம்.

மசித்த காலிபிளவர் மீந்தால் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் காலை இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால், வேலைக்குப் போகிறவரின் டிபன் டப்பாவுக்கு ஆகும்.