அரியர் எத்தனை?

மே மாதம் பிறந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் என்னைத் தேடி வருவார்கள். கேள்வி ஒன்றுதான்: "அக்கா, எம்.ஏ. சீட் தரேன்னு வேற காலேஜ்ல கூப்பிடுறாங்க. ஹாஸ்டல், சாப்பாடு, ஷூ எல்லாம் ஃப்ரீயாம். போகட்டுமா?" போ, போகாதே என்று நான் சட்டென்று சொல்வதில்லை. "உனக்கு அரியர் எத்தனை இருக்கு?" என்று கேட்பேன். சிலர் அங்கேயே தலையைக் குனிந்துகொள்வார்கள்.

நான் திருவொற்றியூரில் வளர்ந்தவள். அப்பாவுக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓர் ஆலையில் ஷிஃப்ட் வேலை. வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் பி.காம். படித்தேன். கூடைப்பந்து ஆடியதால், நகரத்தின் தெற்குக் கோடியில் இருந்த ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் முதுகலைக்கு அழைத்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த அரசு வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். மாலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன்.

இப்படி இளங்கலையை ஓரிடத்தில் முடித்து, முதுகலைக்கு இன்னோர் அணிக்கு ஆடப்போவது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பெரிய சந்தை. அங்கே ஒருவருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு சீசன் ஆட உரிமை என்பது நெடுங்காலமாக இருந்த விதி. பட்டத்தை வாங்கிய பிறகும் சீசன் மிச்சம் இருந்தால், வேறு பல்கலைக்கழகத்தில் முதுகலையில் சேர்ந்து உடனே களமிறங்கலாம். 2021-இல் விதி தளர்ந்தபின் பட்டம் முடிக்காதவர்களும் அப்படி மாறலாம் என்றானது. மார்ச்சில் சீசன் முடிந்ததும் முதுகலையைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் அங்கே நிறைய. அணிக்குத் தேவை அந்த ஒரு சீசன்தான்.

நம் ஊர்க் கணக்கு வேறு, இங்கே இலக்கு அரசு வேலை. மத்திய அரசின் 'குரூப் சி' வேலைகளில் 5 சதவீதம் வரை விளையாட்டு வீரர்களை எடுக்கலாம். தமிழக அரசில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசு வேலைக்குக் கேட்கும் சான்றிதழ்களைப் படிவம் எண்ணை வைத்தே சொல்வோம். நாட்டுக்காக ஆடினால் படிவம் 1, மாநிலத்துக்கு ஆடினால் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடினால் படிவம் 3. வடசென்னைப் பிள்ளைகளில் பலருக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது மூன்றாவதுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் படித்தால், அத்தனை கல்லூரி ஆட்டக்காரர்களோடும் மோதி பல்கலைக்கழக அணியின் பன்னிரண்டு பேரில் ஒருவராக வரவேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் அந்த வளாகத்து அணிதான் பல்கலைக்கழக அணி. பி.ஏ. முடித்த கையோடு அங்கே மாறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

சான்றிதழ் வேலைக்குள் கொண்டுபோய் விடும். எந்த வேலை என்பதைப் படிப்பு தீர்மானிக்கும். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பைப் படித்தாலே இது புரியும்: பத்தாம் வகுப்புக்கு லெவல் 1, பன்னிரண்டாம் வகுப்புக்கு லெவல் 2, 3, பட்டதாரிக்கு லெவல் 4, 5. ஒரே அணியில் ஒரே கோப்பையைத் தூக்கிய இருவர், ஒருத்தி முடிக்காத இரண்டு பேப்பருக்காக, வெவ்வேறு சம்பளத்தில் சேர்வார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எத்தனை பேர் அணியில் இருக்கிறார்கள்? அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கிறது.

சென்னையில் பிறந்து இந்திய மகளிர் கூடைப்பந்து அணித் தலைவியாக இருந்த அனிதா பால்துரை, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரும் தெற்கு ரயில்வே ஊழியர்தான். அவ்வளவு உயரம் போனவருக்கே மாதச் சம்பளம் ஓர் அலுவலகத்திலிருந்து வரவேண்டிய நாடு இது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும் 1891-இல் அந்த ஆட்டத்தை உருவாக்கிய பிறகு மருத்துவம் படித்து 1898-இல் டாக்டர் ஆனார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு தெம்பு வரும்.

முதுகலையில் என்னோடு ஆடிய தோழிக்கு இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வந்தவளிடம் ஹாஸ்டல் அறையைக் காலிசெய்யச் சொன்னார்கள். கட்டணச் சலுகை ஆடுகிறவர்களுக்கு மட்டும்தானாம். காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்த அவள் அம்மா, கடன் வாங்கி மிச்சக் கட்டணத்தைக் கட்டினார். அவள் படித்து முடித்தாள், இன்று ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. அந்த அம்மா கட்டியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் இப்போதும் கோபம் வருகிறது.

அதனால் சேருவதற்கு முன்பு கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன். அடிபட்டால் சலுகை தொடருமா? அதை எழுதித் தருவார்களா? போட்டிக்குப் போன நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்டு, 75 சதவீத வருகைக் கணக்கில் சேர்ப்பார்களா? செமஸ்டர் தேர்வும் தென்மண்டலப் போட்டியும் ஒரே வாரத்தில் வந்தால், விட்ட தேர்வை எப்போது எழுதுவது? எந்தப் பாடம் என்பதையும் பார்க்க வேண்டும். இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக, பிள்ளைக்குப் பிடிக்காத படிப்பில் போட்டு நிரப்புகிறவர்கள் உண்டு. பி.காம். படித்தவளுக்கு எம்.காம். கொடுங்கள் என்று துணிந்து கேட்டால் கிடைக்கும், நான் கேட்டுத்தான் வாங்கினேன்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கே முதுகலை இரண்டு முழு ஆண்டுகள். இரண்டு சீசனும் ஆடலாம், பட்டத்தையும் கையோடு வாங்கலாம். ஆனால் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு வயது வரம்பு உண்டு, இருபத்தைந்தோடு அந்த வாசல் மூடிவிடும். அரியரைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருடம் அலைந்தவளுக்கு முதுகலையில் சேரும்போது ஆடுவதற்கு அதிக வயது மிஞ்சாது.

கல்லூரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். சேர்க்கை விளம்பரத்தில் கோப்பைகளோடு நிற்கும் பிள்ளைகளின் படத்தைப் போடுகிறீர்கள். அவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள். திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் பெற்றோர்கள் அதைப் படித்துவிட்டுப் பிள்ளையை அனுப்பட்டும்.