இன்னும் மூன்று ஃபேன் மாட்டலாமா?

“கம்ப்யூட்டர் கேபினெட்டில் இரண்டு ஃபேன் இருக்கிறது. கேம் ஆடினால் கொதிக்கிறது. கடைக்காரர் இன்னும் மூன்று போடச் சொல்கிறார், ஒவ்வொன்றும் 70 சிஎஃப்எம். போடலாமா?” என்று கேட்கிறார் ஒரு வாசகர். அந்த ஃபேன்கள் கலர் கலராக ஒளிருமாம். ஒளிக்கும் குளிர்ச்சிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

70 சிஎஃப்எம் என்றால் நொடிக்கு சுமார் 33 லிட்டர் காற்று. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 400 வாட் வெப்பத்தைக் கக்கினால், இந்தக் காற்று அறையின் வெப்பநிலையைவிட 10 டிகிரி கூடுதல் சூட்டோடு வெளியேறும். காற்றை இருமடங்காக்கினால் 5 டிகிரி. மும்மடங்காக்கினால் 3.3. ஆக, மூன்றாவது ஃபேனுக்குக் கொடுக்கும் காசு இரண்டு டிகிரியைக்கூட வாங்கித் தராது. அதுவும் பெட்டியில் போட்டிருக்கும் 70 நிஜமாகவே கிடைத்தால்தான். கிடைக்காது, சுவாரசியமே அதில்தான் இருக்கிறது.

முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல் சுழலவிட்டு அளந்த எண் அது. பெட்டியில் இன்னொரு எண்ணும் இருக்கும்: நிலை அழுத்தம், 2 மி.மீ. நீர் என்பதுபோல. அது காற்று போகும் வழியை முழுக்க அடைத்துவிட்டு அளந்தது. முதல் எண் கிடைக்கும்போது அழுத்தம் பூஜ்யம். இரண்டாவது கிடைக்கும்போது காற்றோட்டம் பூஜ்யம். இரண்டையும் அருகருகே அச்சிட விற்பனைத் துறைக்குத்தான் மனசு வரும். உங்கள் ஃபேன் ஓடப்போவது இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓரிடத்தில். அது எந்த இடம் என்பதில் கேபினெட்டுக்கும் பாதிப் பங்கு உண்டு. வடிகட்டி வலை, கம்பித் தடுப்பு, கேபிள் கற்றை, முன்பக்கக் கண்ணாடி எல்லாமே வழிமறிக்கின்றன. அந்த வழியில் இருமடங்கு காற்றைத் தள்ள ஏறத்தாழ நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். ஃபேனிடம் இருப்பதோ 2 மி.மீ. உயர நீரைத் தாங்கும் தம். வளிமண்டல அழுத்தத்தில் சுமார் ஐயாயிரத்தில் ஒரு பங்கு.

டவுன் பஸ் கண்டக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். காலி பஸ்ஸில் அவர் ஒரு குரல் கொடுத்தால் ஆட்கள் கடைசிவரை நகர்ந்துவிடுவார்கள். அதுதான் 70 சிஎஃப்எம். காலை எட்டரை மணிக்கு அதே குரலுக்கு ஒருவர் அரை அடி நகர்ந்தால் பெரிது. கூட மூன்று கண்டக்டர்களை ஏற்றினால், நெரிசலில் அவர்களும் நின்று கத்துவார்கள், அவ்வளவுதான். ஏறிய படியிலேயே இறங்குகிறவர்களும் உண்டு: கூரையின் முன்கோடியில் வெளித்தள்ளும் ஃபேனை மாட்டினால், முன்னால் நுழைந்த குளிர்காற்று பிராசஸரை எட்டிப் பார்க்காமலே போய்விடும். வெளித்தள்ளுவது அதிகமாகி உள்ளிழுப்பது குறைந்தால், ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம்பிடிக்கிற கதைதான். இண்டு இடுக்கெல்லாம் காற்று புகும். வடிகட்டியிடம் டிக்கெட் எடுக்காத அந்தக் காற்றோடுதான் தூசியும் ஏறி, ஹீட் சிங்கில் சீட்டுப் பிடித்து உட்கார்ந்துவிடுகிறது.

வரலாறு கேட்பவர்களுக்கு: இன்டெல்லின் 486 சிப் காலத்தில் பல பிராசஸர்கள் ஃபேனே இல்லாமல் ஓடின. 1993இல் வந்த பென்டியம்தான் ஃபேனைப் பழக்கமாக்கியது. கேபினெட், மதர்போர்டு அமைப்புக்காக 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் விதிமுறை, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஃபேன் வெளிக்காற்றை இழுத்துப் பிராசஸர்மீது ஊதட்டும் என்றது. எஸ்எம்பிஎஸ்ஸே சூடான பண்டம். அதைத் தடவி வந்த காற்று எதைக் குளிர்விக்கும்? யோசனை பின்னர் கைவிடப்பட்டது.

கூடுதல் ஃபேனுக்கு ஒரு நியாயம் உண்டு, அது சத்தம். வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் இறங்கும். பாதி வேகத்தில் இரண்டு ஃபேன் ஓடினால், ஒன்று முழுவேகத்தில் தள்ளும் அளவு காற்று சுமார் 12 டெசிபல் குறைவான இரைச்சலோடு கிடைக்கும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பொதுவாக மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும். முன்பக்க ஃபேனில் அந்தப் பக்கம் உள்நோக்கியும், பின்பக்க ஃபேனில் வெளிநோக்கியும் இருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் ஊதுவத்தி கொளுத்தி முன்வலையருகே பிடியுங்கள். புகை நேராக உள்ளே இழுபட்டால் சரி. வலையோரம் சுருண்டு உங்கள் முகத்துக்கே திரும்பினால் வழி அடைத்திருக்கிறது.

பிறகு ஒரே கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு, பிராசஸர் வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழியுங்கள். அந்த வித்தியாசத்தை மட்டுமே ஒப்பிட வேண்டும். மார்கழியில் மாட்டிய ஃபேன் சித்திரையில் மாட்டியதைவிட உயர்ந்ததாகத் தெரிவது ஃபேனின் பெருமையல்ல. 36 டிகிரி அறையில் எத்தனை ஃபேன் வைத்தாலும் 36க்குக் கீழே எதுவும் இறங்காது.

வாசகருக்கு என் பதில்: கேபினெட்டின் முன்மூடியைக் கழற்றிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். சூடு நன்றாகக் குறைந்தால் கோளாறு ஃபேனில் இல்லை. மூன்று ஃபேன் காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு வலையைக் கழுவுங்கள்.