கீரை விற்ற பணமெல்லாம் லாபமா?

நசரத்பேட்டை, திருமழிசை, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் வீட்டுமனைகளுக்கு நடுவே எஞ்சியிருக்கும் நிலங்களில் கீரை பயிரிடுவோருக்கு ஒரு வசதி உண்டு. சென்னை பக்கத்திலேயே இருப்பதால் விடியலில் பறித்த கீரை வாடுமுன் விலையாகிவிடும். பணமும் உடனே கைக்கு வரும். ஆனால் வந்த பணத்தில் லாபம் எவ்வளவு, தன் கூலி எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போர் குறைவு. பிரிக்கும் முறை வணிகவியல் பாடத்தின் தொடக்கப் பக்கங்களிலேயே இருக்கிறது. பிளஸ் ஒன் வணிகவியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இக்கணக்கை அவரிடமே ஒப்படைக்கலாம்.

முதலில் வீட்டுச் செலவையும் பண்ணைச் செலவையும் தனித்தனி நோட்டில் எழுத வேண்டும். கீரைப் பணத்தில் மளிகையும், மளிகைப் பணத்தில் யூரியாவும் வாங்கினால் இரண்டுமே விளங்காது.

இருபது சென்டில் சிறுகீரை என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் உதாரணத்துக்கே, அவரவர் எண்களைப் போட்டுக்கொள்க.) உழவு, விதை, எரு ஆகியவற்றுக்கு ரூ.2,400. ஆயிரம் கட்டு கிடைக்கிறது. பறித்துக் கட்ட ஆள் கூலி கட்டுக்கு 2 ரூபாய், வண்டி வாடகை 1 ரூபாய், ஆக ரூ.3,000. கட்டு 10 ரூபாய் வீதம் வரவு ரூ.10,000. கைச்செலவு ரூ.5,400 போக மிச்சம் ரூ.4,600. இதைத்தான் லாபம் என்கிறார்கள்.

விட்டுப்போனவை மூன்று. ரூ.30,000 பெறும் பம்ப்செட் பத்தாண்டு உழைக்குமானால் ஆண்டுக்கு ரூ.3,000 தேய்கிறது, ஆண்டுக்கு ஆறு போகம் என்றால் போகத்துக்கு ரூ.500. இதுவே தேய்மானம். கணவனும் மனைவியும் பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, களையெடுத்த எட்டு ஆள் வேலைக்கு, ஆளுக்கு ரூ.500 வீதம் ரூ.4,000. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகை ரூ.600. மொத்தச் செலவு இப்போது ரூ.10,500. ஆக, லாபத்துக்குப் பதில் ரூ.500 நட்டம்! கட்டு பத்தரை ரூபாய்க்கு விற்றால்தான் வரவும் செலவும் சரியாகும். இதைச் சமநிலை விலை என்பர்.

சொந்த உழைப்பைச் செலவில் சேர்ப்பது வீண் வேலை என்று சிலர் கருதலாம். மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையமே குடும்ப உழைப்புக்குக் கூலி மதிப்பிட்டுச் சேர்க்கிறது. அதன் விரிவான கணக்கில் சொந்த நிலத்தின் வாடகையும் சொந்த முதலின் வட்டியும் கூட உண்டு. கீரைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. எனவே கீரை விவசாயி இக்கணக்கைத் தாமே போட்டாக வேண்டும்.

இவ்வட்டாரத்தில் இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. மனைத் தரகர் வாசலில் நிற்கிறார். மகனுக்குத் திருப்பெரும்புதூர் தொழிற்சாலையில் வேலை இருக்கிறது. கணக்கில்லாதவர் ஒரு மோசமான மாதத்தைப் பார்த்து நிலத்தை விற்றுவிடுவார், அல்லது கூலியை லாபமென்று நம்பிக் கடன் வாங்குவார். ஆறு போகத்தின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவு செய்வது நல்லது.

செலவிலும் இரு வகை உண்டு. தேய்மானமும் நில வாடகையும் ஒரு கட்டு விற்றாலும் ஆயிரம் விற்றாலும் மாறா. இவை நிலையான செலவு. பறிகூலியும் வண்டியும் கட்டுகளோடு ஏறி இறங்கும். இவை மாறும் செலவு. சந்தை இடம் மாறினாலும் வண்டிச் செலவு மாறும். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மூடப்பட்டுக் காய்கறிச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்கு வந்தது நினைவிருக்கலாம். செப்டம்பர் இறுதியில் அது கோயம்பேட்டுக்கே திரும்பிவிட்டது.

விலை சரியும் நாளில் இந்தப் பாகுபாடு கைகொடுக்கும். கட்டு 5 ரூபாய்க்கு இறங்கிவிட்டது, பறிக்கலாமா? பறிக்குமுன் செலவான ரூ.7,500 பறித்தாலும் பறிக்காவிட்டாலும் திரும்பாது. இனி ஆவது கட்டுக்கு 3 ரூபாய்தான். பறித்தால் கட்டுக்கு 2 ரூபாய் மிஞ்சும், ஆகவே பறிக்கலாம். விலை இரண்டரை ரூபாயானால் ஒவ்வொரு கட்டிலும் அரை ரூபாய் மேலும் போகும். அப்போது விதை கட்டுமுன் மடக்கி உழுதுவிட்டு, அடுத்த விதைப்புக்குப் பாத்தியைத் தயார் செய்யலாம்.