வேலியும் வேண்டாம், விலையும் வேண்டாம்!

தன் நிலத்தில் ஒரு காற்றாலை நட அனுமதி தாருங்கள் என்கிறான் உழவன். கூடாது, மலையின் அழகு கெடும் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் பாதுகாக்கப்பட்ட நாட்டுப்புறங்களில் இந்த வழக்கு ஓயவில்லை. பாட்டாளித் தோழன் யார் பக்கம் நிற்பது? அழகின் பக்கமா? உழவன் பக்கமா? விடை சொல்லுமுன், அந்த அழகை மீட்டவர் யார் என்று பார்ப்போம்.

1932 ஏப்ரல் 24. மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளர்களும் வேலையற்ற வாலிபர்களும் சில நூறு பேர், கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில் ஏறினார்கள். ஏறியது குற்றமாம்! ஏன்? சீமான்கள் பறவை சுட்டு விளையாடுவதற்காக அடைத்து வைத்த மலை அது. காவலாட்கள் தடியோடு மறித்தனர், கைகலப்பு நேர்ந்தது. ஐந்து இளைஞர்கள் சிறை சென்றனர். முன்னின்று நடத்திய பென்னி ராத்மனுக்கு அப்போது வயது இருபது. தண்டனை நான்கு மாதம்.

அந்தச் சிறைவாசம் வீண்போகவில்லை. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் முதல் பூங்காவாகப் பீக் மாவட்டம் அறிவிக்கப்பட்டது. கிண்டர் ஸ்கௌட் அதற்குள் அடங்கியது. சீமானின் வேலி சரிந்தது!

நம் நாட்டில் தேசியப் பூங்கா என்றால் புலியும் யானையும் உலவும் காடு. அங்கே அப்படியல்ல. ஊர்கள் உண்டு; உழவர் உண்டு; ஆட்டு மந்தைகள் உண்டு. நிலம் பெரும்பாலும் தனியார் உடைமை. ஆனால் எதையேனும் கட்ட வேண்டுமானால் பூங்கா ஆணையத்தின் அனுமதி வேண்டும். மலைநாட்டு உழவனோ ஆட்டு வருமானத்தால் மட்டும் பிழைக்க முடியாதவன்; அரசு மானியத்தை நம்பி நிற்பவன். ஓடையும் காற்றும் வெயிலும் மின்சாரமானால் அவன் அடுப்பு எரியும். புகையும் குறையும்.

இந்நிலையில் 2015 ஜூனில் அரசு என்ன செய்தது? இங்கிலாந்து முழுவதும் தரைக் காற்றாலைகளுக்கு ஒரு நிபந்தனை போட்டது. உள்ளூர்த் திட்டத்தில் அதற்கென இடம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஊரார் சொல்லும் குறைகள் முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும். சொல்லப்போனால், சிலர் முணுமுணுத்தாலே கதவு அடைபட்டது. ஒன்பது ஆண்டுக்குப் பின், 2024 ஜூலையில்தான் அந்த நிபந்தனை நீங்கியது. மக்கள் திறந்த மலைக்கு மறுபடியும் வேலியா? இதுதான் நம் முதல் கேள்வி.

அதற்காக, காசு கொடுத்தால் அனுமதி என்றாகிவிடலாமா? குளஸ்டர்ஷயரில் டைடன்ஹாம் அருகே ஒரு பண்ணை. அங்கே ஒற்றைக் காற்றாலை நட வந்தவர்கள், வருவாயில் நூற்றுக்கு நான்கு பங்கை ஆண்டுதோறும் ஊர் நலனுக்குத் தருவோம் என்றார்கள். மாவட்ட மன்றம் அதையும் கணக்கில் கொண்டு அனுமதித்தது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்றது. நன்கொடையைக் காட்டி அனுமதி வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஊருக்கு வரவேண்டிய பணம் போயிற்றே என்று வருந்துகிறோம். ஆனாலும் தீர்ப்பைக் குறை கூற மாட்டோம். இன்று நல்லவன் நூற்றுக்கு நான்கு தருவான். நாளை பெருமுதலாளி பத்துத் தந்து மலையையே கேட்பான்! நன்கொடை எடைக்கல்லானால், பணப்பை பெருத்தவன் பக்கமே தராசு சாயும்.

பின் எதை எடைபோடுவது? மலையைப் புண்படுத்தாமல் அமைகிறதா என்பதையே! ஸ்னோடன் மலைச் சரிவில் ஹாபோத் அ லான் என்னும் பண்ணை இருக்கிறது. 1998இல் பொதுமக்கள் தந்த நிதியோடு தேசிய அறக்கட்டளை வாங்கிய நிலம். தேசியப் பூங்காவின் நடுவே இருக்கும் அந்தப் பண்ணையில் 2014இல் 640 கிலோவாட் நீர்மின் நிலையம் எழுந்தது. பெரிய அணை இல்லை. ஓடை நீரில் ஒரு பங்கைக் குழாயில் இறக்கி, சுழலியைச் சுற்றவைத்து, மறுபடியும் ஓடைக்கே விடுகிறார்கள். குழாயின் பெரும்பகுதி மண்ணுக்குள். வருவாய் மலையைப் பேணவே செல்கிறது. அதே பள்ளத்தாக்கில் பழைய சிலேட்டுக் குவாரியின் இடிபாடுகளும் கிடக்கின்றன. மலையைப் பிளந்த முதலாளி எந்தப் பூங்கா ஆணையத்திடம் கைகட்டி நின்றான்?

எதிர்ப்போர் எல்லோரும் சீமான்கள் என்று நாம் சொல்லவில்லை. பறவைக்காகவும் நீருக்காகவும் கவலைப்படுவோர் சொல்லைக் கேட்கத்தான் வேண்டும். கேட்டு, அளந்து, இடத்துக்கேற்ற அளவில் அனுமதிக்கட்டும். ஊராரே உடைமையாளராகும் திட்டங்களுக்கு வழிகாட்டும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றட்டும். தானமாக வருவதை நாளை நிறுத்தலாம். உரிமையாக வருவதை நிறுத்த முடியாது.

சிறை சென்று மீட்ட மலை அது. அதற்கு வேலி போடவும் வேண்டாம். விலை போடவும் வேண்டாம்!