கைமாறிய துப்பாக்கி

திரைப்படத்தில் சுடப்பட்டு வீழ்பவர் காட்சி முடிந்ததும் எழுந்து நடப்பார் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்த நம்பிக்கையோடுதான் குடும்பமாக அமர்ந்து படம் பார்க்கின்றோம். ஆனால், 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ‘ரஸ்ட்’ என்னும் படத்தின் ஒத்திகையில் வீழ்ந்த ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் எழவேயில்லை. உக்ரேனில் பிறந்த அவருக்கு வயது 42. நடிகர் அலெக் போல்ட்வின் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து பாய்ந்த ரவை அவரை ஊடுருவிச் சென்று, இயக்குநர் ஜோயல் சூசாவின் தோளையும் காயப்படுத்தியது. காட்சிக்கென அமைந்திருந்த இடம் ஒரு தேவாலயம் என்பது மனத்தை உறுத்துகின்றது.

படப்பிடிப்பில் இருவகை ரவைகள் பாவிக்கப்படுவதுண்டு. ஒன்றில் வெடிமருந்து உண்டு, குண்டு இல்லை. மற்றதில் குண்டு உண்டு, வெடிமருந்து இல்லை. பார்வைக்கு அது உண்மை ரவை போன்றே இருக்கும். எனினும் அதனை இனங்காண்பது எளிது. காதருகே குலுக்கினால் உள்ளே இடப்பட்ட சிறு உருண்டை கிலுகிலுக்கும். அல்லது ரவையின் பக்கத்தில் துளையொன்று இருக்கும். துப்பாக்கியின் ஆறு ரவைகளையும் கழற்றிக் குலுக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் எடுக்கும்? சில நிமிடங்கள்கூட வேண்டியதில்லை.

உண்மை ரவையைப் படப்பிடிப்புத் தளத்துக்குக் கொண்டுவரவே கூடாதென்பது அந்நாட்டுத் திரைத்துறையின் நெடுநாளைய விதி. ஆயினும், உயிர் குடித்ததையும் சேர்த்து ஆறு உண்மை ரவைகள் அங்கு இருந்தமை விசாரணையில் தெரியவந்தது. சில நாட்களுக்கு முன்னர் அதே தளத்தில் துப்பாக்கிகள் இருமுறை தற்செயலாக வெடித்துமிருந்தன. அதன் பின்னரும் வேலை வழமைபோலவே நடந்தது! 1993இல் புரூஸ் லீயின் மகன் பிரண்டன் லீ படப்பிடிப்பொன்றில் இறந்ததும் இவ்வாறே. முன்னரே குழலுக்குள் சிக்கியிருந்த குண்டை எவரும் பார்த்திருக்கவில்லை.

நடிகர் உதவி இயக்குநரை நம்பினார். உதவி இயக்குநர் ஆயுதப் பொறுப்பாளரை நம்பினார். ஆயுதப் பொறுப்பாளரின் தரப்போ ரவை வழங்கியவரைச் சுட்டியது. துப்பாக்கி கைமாறியபோதெல்லாம் பொறுப்பும் கைமாறிற்று. இறுதியில் அது எவர் கையிலும் இல்லை.

ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024இல் 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. போல்ட்வின் மீதான வழக்கு, சான்றுகள் அவர் தரப்புக்கு மறைக்கப்பட்டமையால் அதே ஆண்டு ஜூலையில் தள்ளுபடியானது. குற்றம் உண்டா, இல்லையா என்ற கேள்விக்கு அங்கு விடை பிறக்கவில்லை.

நீதிமன்றம் பேசுவது ஒருவர் இறந்த பின்னர். இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் வேறொரு வகைச் சட்டம் உண்டு. புதுவீடு கட்டுபவர் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். இல்லையேல் அங்கிருந்து விழுபவரின் இரத்தப்பழி அவ்வீட்டைச் சாரும். விழுந்தவர் கவனமாக இருந்தாரா என்று அச்சட்டம் கேட்கவில்லை. சுவர் இருந்ததா என்றே கேட்கின்றது.

2024இல் சாட்சிக் கூண்டில் ஏறிய உதவி இயக்குநர், துப்பாக்கியைச் சரிவரச் சோதிக்காமல் கவனயீனமாக இருந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். ஹலினாவின் மகனுக்கு, தாயை இழந்தபோது வயது ஒன்பது.